புதுப்பிப்பு: ஓட்டை விழுந்த வெள்ளி ரூபாய்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா, தன் பாட்டியின் மாலையிலிருந்த 12 பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களை விற்க வந்தார். அவற்றை வெள்ளி எடைக்கு வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

பத்தரிடம் கொடுத்து வளையங்களைக் கழற்றச் சொன்னேன். வளையத்தை ஒட்டிய பற்றாசை வெள்ளிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று, அதையும் சுரண்டிய பிறகே நிறுத்தோம். ஒன்பது காசுகள் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை. புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் 11.66 கிராம், 91.7 விழுக்காடு வெள்ளி. இப்போது தேய்ந்து, ஒன்பதும் சேர்ந்து 103 கிராம். அதில் வெள்ளி சுமார் 94.

மற்ற மூன்றும் 1944, 1945 ஆண்டுகளுக்குரியவை. விளிம்பின் நடுவே பள்ளக்கோடு ஓடும். போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், அதனால் 34 கிராமுக்கு 17 தான். அக்காவுக்கு இது தெரியாது. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அன்றைய வெள்ளி விலையில் பத்து விழுக்காடு கழித்து ரிங்கிட்டாகக் கொடுத்தேன்.

அப்புறம், ஒரு காசில் ராஜாவின் கன்னம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போதும் அந்த மாலையைக் கழற்றமாட்டாராம். அந்தக் காசை மட்டும் அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்ற பதினொன்றும் என்னிடம் உள்ளன, உருக்கவில்லை.