‘அவன்’, ‘அவள்’ இரண்டையும் விட்டுப் பேசிப் பழகியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

இழையை நானே தொடங்குகிறேன். பன்னிரண்டு வருடமாக நெருக்கமான ஒரு நண்பர், ஆண் என்றோ பெண் என்றோ தன்னைச் சொல்வது தனக்குப் பொருந்தவில்லை என்று போன வருடம் சொன்னார். இனி ‘அவள்’ வேண்டாம், ‘அவன்’ என்றும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தமிழில் இதற்கென்ன சிரமம், ‘அவர்’ இருக்கிறதே என்றுதான் உடனே நினைத்தேன்.

பேச ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. எழுத்தில் ‘அவர்’ எல்லாருக்கும் பொது. வாய்ப்பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் கேட்கிறவர் மனதில் பெரும்பாலும் ஓர் ஆண்தான் வந்து நிற்கிறார். ‘அவங்க வந்தாங்க’ கொஞ்சம் பரவாயில்லை. சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கழித்து நண்பர் கேட்டார்: “என் மேல ஏதாவது கோபமா? திடீர்னு மரியாதையெல்லாம் வருது.”

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் வா, போ என்று பேசிக்கொள்கிறவர்கள். பால் காட்டாத சொல்லை எடுத்ததுமே எங்களுக்கு நடுவில் ஒரு தூரமும் வந்துவிட்டது. வேண்டியவர்களைப் பற்றிப் பேசும்போது தமிழில் இயல்பாக வாயில் வருவது அவன், அவள்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரியாதை. நண்பர் விடச் சொன்னது பாலை மட்டும்தான்.

பிறகு இருவரும் உட்கார்ந்து எந்த வாக்கியத்தில் பால் வருகிறது, எதில் வரவில்லை என்று பார்த்தோம். நேரில் பேசும்போது சிக்கலே இல்லை, ‘நீ வந்தாய்’ யாருக்கும் ஒன்றுதான். ‘டி’ மட்டும் போக வேண்டும். அந்த இடத்துக்கு ‘பா’ வந்தது. மூன்றாம் ஆளிடம் சொல்லும்போதுதான் ‘வந்தாள்’, ‘வருவான்’ என்று வினையின் கடைசியில் பால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ‘வரவில்லை’ என்பதில் பால் இல்லை! ‘வரலாம்’, ‘வரணும்’, ‘வர முடியாது’, ‘வரட்டும்’ எதிலும் இல்லை. பிடிக்கும், தெரியும், பசிக்கிறது என்று முடிகிற வாக்கியங்களில் பெயரோடு ‘க்கு’ சேர்த்தால் போதும். ‘வரமாட்டாள்’ மட்டும் வந்து மாட்டிவிடும், அதை ‘வர்றதா இல்லை’ என்று சொல்லிக்கொள்கிறேன். ‘நேத்து வந்திருந்தா’ என்பதை ‘நேத்து பார்த்தேன்’ ஆக்கிவிட்டேன். பெயரைத்தான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் தடுமாறினேன், இப்போது யோசிக்காமலே வருகிறது. உங்களுக்கு எப்படி?

மறுமொழி 1

படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளை மொழிபெயர்ப்பது என் வேலை. ஆங்கிலத்தில் ஒரே ஆளைக் குறித்து வந்த ‘தே’ (they) என்ற சொல்லை முதலில் ‘அவர்கள்’ என்று எழுதிவிட்டேன். சரிபார்த்தவர், “கூட இருக்கிற இன்னொரு ஆள் யாரு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒருமையாகவும் வருவது பல நூற்றாண்டுப் பழக்கம். ஆண், பெண் இரண்டிலும் சேராத ஒருவரைக் குறிக்கும் பொருளை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்துக்கொண்டது. ஸ்வீடிஷ் மொழியில் ‘ஹென்’ என்று தனிச்சொல்லே புழங்கி, 2015இல் ஸ்வீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலிலும் ஏறியது. நமக்கு இந்த இரண்டு வழியும் அப்படியே பொருந்தாது, வினையையும் சேர்த்தல்லவா மாற்ற வேண்டியிருக்கிறது. ‘அவர்’ என்று திருத்தினேன். அந்தப் பாத்திரத்தைப் பற்றி அம்மாவும் தம்பியும் பேசும் காட்சியில் மட்டும் அது ஒட்டவே இல்லை. அங்கே பெயரைப் போட்டேன்.

மறுமொழி 2

தமிழாசிரியர் நான். ‘அவர்’ இலக்கணப்படி பலர்பால். பலரைக் குறித்த சொல்தான் மரியாதைக்காக ஒருவருக்கு வந்தது. அப்புறம் பன்மைக்குச் சொல் வேண்டி ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். ஆகவே ஒருவரைப் பன்மைச் சொல்லால் குறிப்பது நமக்குப் பழகிய ஒன்றுதான்.

ஐந்து பால்களை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, “ஆண்பால், பெண்பால் ரெண்டுலயும் சேராதவங்க எந்தப் பால் ஐயா?” என்று கேட்டார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மறுநாள் தொல்காப்பியத்தில் சொல்லிலக்கணம் பேசும் கிளவியாக்கம் என்ற பகுதியைக் கொண்டுபோனேன். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய ஈறுகளையே அது கொள்ளும் என்கிறது அதில் ஒரு நூற்பா. தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் அதே நூற்பாவில்தான் விதி. பின்னால் வந்த நன்னூல், அஃறிணை போலவும் சொல்லலாம் என்று இடம் கொடுக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். இந்த ஒரு விஷயத்தில் நன்னூலோடு நான் நிற்கமாட்டேன், என் வகுப்பில் எந்த மனிதரையும் ‘அது’ என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னேன்.

மறுமொழி 3

ஐயா சொன்ன ‘அது’ பற்றித்தான் எழுத வந்தேன். என் பிள்ளைக்கு இப்போது பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் எங்களிடம் இதைச் சொன்னபோது, நான் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எப்போதும் ‘பிள்ளை சாப்பிட்டுச்சா’, ‘பிள்ளை தூங்கிருச்சு’ என்றுதான் என் வாயில் வரும். நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் என் பிள்ளையைக் காட்டி, “அது என்ன படிக்குது?” என்று கேட்டார். அதே முடிவுதான், அதே ‘து’தான். பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டது.

ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, நானும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். “நீ சொன்னா நான் குழந்தையா இருந்த ஞாபகம் வருது. அவங்க சொன்னா என்னை ஆளாவே மதிக்கலைன்னு தெரியுது. நீ நிறுத்தாதே” என்றது. சொல் ஒன்றாக இருந்தாலும் யார் வாயிலிருந்து வருகிறது என்று இத்தனை கூர்மையாகக் கேட்கிற ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். மற்றவர்களிடம் பேசும்போது இப்போது நானும் ‘அவங்க’ என்கிறேன், அவர்கள் அதையே பிடித்துக்கொள்ளட்டும் என்று.

மறுமொழி 4

‘அவன்’, ‘அவள்’ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தர். (‘ஒருவன்’, ‘ஒருத்தி’ இரண்டுக்கும் நடுவே இந்தச் சொல் கிடைத்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!) ஒன்றே ஒன்று சொல்கிறேன். தவறிச் சொல்லிவிட்டால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். வேலையிடத்தில் ஒருவர் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. அவரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அன்று மிகவும் களைத்துப் போனேன். இன்னொரு சக ஊழியர், “வந்தா... வந்தாங்க” என்று மாற்றிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவரோடு பேசுவது இப்போதும் எனக்குச் சுலபம்.

இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. அந்த அம்மாவின் பதிவை என் நண்பரிடம் படித்துக் காட்டினேன், இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

எங்களால் தீர்க்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்டுவிடுகிறேன். நண்பருடைய தங்கை பிறந்ததிலிருந்து ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகியவர். ‘அண்ணா’ சரிவராது. பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கே மனம் வரவில்லை. ‘உடன்பிறப்பு’ என்று வீட்டுக்குள் யாரும் கூப்பிட முடியாது. இப்போதைக்கு ‘இங்க பாரு’ என்று ஆரம்பித்துச் சமாளிக்கிறார், அது இருவருக்குமே உறுத்துகிறது. மூத்தவரைப் பால் காட்டாமல் கூப்பிட உங்கள் வீட்டில் ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.