பழைய கட்டுரையை ஒட்டினால் தமிழே காணாமல் போகிறது. மற்றவற்றில் எழுத்தின் அளவு ஆடுகிறது. உதவி தேவை

தோபாயோ தோழி (செவ்வாய், இரவு 10.40)

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி ஏதாவது ஒரு நூலைப் படித்துப் பேசுவோம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி 48 பக்கத்தில் ஒரு மலர் கொண்டு வரலாம் என்று சொல்லி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

ஆளுக்கொரு விதமாக அனுப்பியிருக்கிறார்கள். சிலர் வேர்ட், சிலர் லிப்ரே ஆபிஸ், இருவர் கூகல் டாக்ஸ். நான் எல்லாவற்றையும் நோட்பேட்++இல் ஒட்டி, பிழை பார்த்து, பிறகு வேர்டுக்குக் கொண்டுபோகிறேன். வடிவமைப்புத் தொல்லையில்லாமல் சொற்களை மட்டும் பார்க்கலாம் என்பதால் எனக்கு அது வசதி.

மூன்று சிக்கல்கள்:

நோட்பேட்++ வழியாகப் போனால் சாய்வெழுத்து, தடித்த எழுத்து எல்லாம் போய்விடுகின்றன. ஒரு கட்டுரையில் நூல் பெயர்கள் மட்டும் அறுபதுக்கு மேல்.

அதனால் நேரடியாக வேர்டில் ஒட்டினேன். ஒரே வரியில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் சிறிதாகவும் நிற்கின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 12 என்று கொடுத்தும் சில இடங்கள் அசையவில்லை.

மூன்றாவதுதான் தலைவலி. 78 வயது ஐயா ஒருவர், செம்பவாங் கடற்படைத் தளத்தில் தம் அப்பா வேலை பார்த்த நாள்களைப் பற்றி 14 பக்கம் எழுதியிருக்கிறார். வேர்டில் திறந்தால் முத்து முத்தாகத் தமிழ். நோட்பேட்++இல் ஒட்டினால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

வழிப்போக்கன் (செவ்வாய், இரவு 10.58)

கோப்பு கெடவில்லை. சாதாரண நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி நகலெடுத்து வேர்டில் ஒட்டுங்கள். எல்லாக் குப்பையும் கழிந்துவிடும். நான் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன்.

அச்சுக்கோப்பவன் (செவ்வாய், இரவு 11.15)

வழிப்போக்கன் சொல்வது மற்ற கட்டுரைகளுக்குப் பொருந்தும். ஐயாவின் கட்டுரைக்கு அதைச் செய்தால் கதை முடிந்தது. தோழி, மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், பிறகு பேசுவோம்.

ஒரு கேள்வி. அந்தக் கட்டுரையில் ‘தமிழ்’ என்ற சொல் நோட்பேடில் எப்படித் தெரிகிறது?

தோபாயோ தோழி (செவ்வாய், இரவு 11.31)

இப்போது கைப்பேசியில் இருக்கிறேன், இதில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான். அதனால் எழுத்துகளின் பெயரைச் சொல்கிறேன்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான்.

அச்சுக்கோப்பவன் (செவ்வாய், இரவு 11.52)

பாமினி. நினைத்தேன்.

வேர்டில் அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள், பாமினி அல்லது அதன் உறவுக்காரப் பெயர் ஏதாவது இருக்கும். ஐயா தட்டியது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான். ஜே என்ற எழுத்துக்குரிய இடத்தில் அந்த எழுத்துரு ‘த’ என்று படம் வரைகிறது. கேயும் பியும் சேர்ந்தால் ‘மி’. ஓ ‘ழ’வாகிறது, அரைப்புள்ளி அதன் தலையில் புள்ளியாக உட்காருகிறது. தமிழ் கோப்புக்குள் இல்லை, எழுத்துருவுக்குள் இருக்கிறது. எழுத்துருவைக் கழற்றினால் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். நோட்பேட் செய்தது அதைத்தான்.

ஐயாவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் இதே சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 மாநாட்டை நடத்தினார். 1999இல் சென்னை மாநாடு, 2000இல் மறுபடி இங்கே மாநாடு, உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பின் தொடக்கம். எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும், வீட்டுக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எழுதி முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

வழிப்போக்கன் (புதன், காலை 7.05)

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் ஒன்று: அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவி அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் என்ன? தாளில் தமிழ்தானே விழும்?

அச்சுக்கோப்பவன் (புதன், காலை 7.40)

விழும். ஆனால் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். மலரை இணையத்தில் போட்டால் தேடலில் சிக்காது. நாளை ஒருவர் அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்தால் அவருக்கும் இதே ஜே, கே, பி, ஓ. 14 பக்க நினைவுக் குறிப்பை அப்படிப் பூட்டி வைக்க வேண்டுமா?

நள்ளிரவு நிரலாளன் (புதன், காலை 8.20)

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றே. வேர்டில் ஒரு பத்தியை நகலெடுத்தால் கிளிப்போர்டுக்குப் போவது ஒரு பொட்டலம் அல்ல. அதே பத்தி வெறும் எழுத்தாக ஒன்று, ஆர்டிஎஃப் வடிவில் ஒன்று, எச்டிஎம்எல் வடிவில் ஒன்று என்று பல பொட்டலங்கள் ஒன்றாகப் போகின்றன. ஒட்டுகிற இடம் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்கிறது. நோட்பேட்++ வெறும் எழுத்தை மட்டும் எடுக்கிறது, சாய்வு போயிற்று. இன்னொரு வேர்ட் கோப்பு ஆக முழுமையான பொட்டலத்தை எடுக்கிறது, அதோடு அனுப்பியவரின் பாணிகள் (ஸ்டைல்), அளவுகள், அவர் வீட்டுத் தூசி எல்லாம் கூடவே வருகின்றன.

அளவு ஆடுவதற்கு இன்னொரு காரணம். வேர்டும் லிப்ரே ஆபிஸும் தமிழை ‘சிக்கல் எழுத்துமுறை’ என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு. தமிழுக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு. வரி ஒன்று, கணக்கு இரண்டு. நீங்கள் 12 என்று மாற்றியபோது ஒரு கணக்கு மட்டும் மாறியிருக்கலாம். கண்ட்ரோலும் டியும் அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்தால், ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனிப் பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே அளவைக் கொடுங்கள். அதைவிட நல்லது, கண்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி நேரடி வடிவமைப்பைக் கழற்றிவிட்டு, பாணியில் இரண்டு அளவுகளையும் ஒருமுறை சரியாக அமைத்துவிடுவது. ஆனால் அப்போது சாய்வும் சேர்ந்து கழன்றுவிடும், அதனால் சாய்வைக் காப்பாற்றிய பிறகு செய்யுங்கள்.

காப்பாற்றும் வழி: வேர்டில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, தேடும் கட்டத்தைக் காலியாக விட்டு, வடிவம் ‘சாய்வு’ என்று மட்டும் தேர்ந்தெடுங்கள். மாற்றும் கட்டத்தில் ஒரு குறி, பிறகு ^&, பிறகு இன்னொரு குறி. ^& என்றால் ‘கண்டுபிடித்ததை அப்படியே வை’ என்று பொருள். அனைத்தையும் மாற்றினால் ஒவ்வொரு சாய்வுச் சொல்லும் இரண்டு குறிகளுக்கு நடுவே வந்துவிடும். பிறகு நோட்பேடுக்கு அஞ்சாமல் கொண்டுபோகலாம். திரும்பி வந்ததும், எந்தச் சொல்லாக இருந்தாலும் பிடிக்கிற வைல்ட்கார்டு தேடலால் குறிகளுக்கு நடுவில் இருப்பதை மறுபடி சாய்வாக்கிவிடலாம்.

சிட்டி ஹால் வந்துவிட்டது, இறங்குகிறேன்.

தோபாயோ தோழி (புதன், இரவு 9.30)

முதல் இரண்டும் தீர்ந்தன! அறுபத்து மூன்று சாய்வுகள், ஒன்றுகூடத் தவறவில்லை. எழுத்துருப் பெட்டியில் தமிழ் 14, ஆங்கிலம் 12 என்று தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பகுதி ஒன்று இருப்பதே என் கண்ணில் பட்டதில்லை.

ஐயாவின் கட்டுரையையும் அதே முறையில் செய்தேன். சாய்வுகளுக்குச் சதுர அடைப்புக்குறி போட்டேன், பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியீடு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். தமிழ் வந்துவிட்டது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் சாய்வாக இருந்த ஒவ்வொரு தொடரும் ‘ஜ’வில் தொடங்கி ‘ஸ’வில் முடிகிறது. அவர் அம்மா பாடிய தாலாட்டு வரி முழுவதும் சாய்வில் இருந்தது. இப்போது அது ‘ஜஆராரோ’ என்று தொடங்குகிறது. அதோடு ஆங்கிலக் கப்பல் பெயர்கள் எல்லாம் எந்த மொழியும் அல்லாத தமிழாகிவிட்டன.

அச்சுக்கோப்பவன் (புதன், இரவு 9.48)

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பாமினியில் சதுர அடைப்பின் இடப்பக்கம் ‘ஜ’, வலப்பக்கம் ‘ஸ’. விசைப்பலகையில் இருந்த குறிகளையெல்லாம் எழுத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். காற்புள்ளிக்குரிய விசைகூட அதில் ‘இ’.

குறியாக எண்களைப் போடுங்கள், எண்கள் மாறாமல் எண்களாகவே நிற்கும். கட்டுரையில் வராத எண்ணாகத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்துக்கு 77701, முடிவுக்கு 77702 என்பது போல.

ஆங்கிலப் பெயர்களுக்கும் அதே வைத்தியம்தான். மாற்றி கண்ணில்லாதது; எழுத்துருவைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். அது ஆங்கிலமா பாமினியா என்று அதற்கு எப்படித் தெரியும்? மூலக் கோப்பில் ஆங்கிலம் வேறோர் எழுத்துருவில்தான் இருக்கும். தேடும் வடிவத்தில் அந்த எழுத்துருவைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக நின்று காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, எந்த எண் எந்தப் பெயர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியபின் எண்ணை எடுத்துப் பெயரை வையுங்கள்.

மூன்றாம் வாசிப்பு (வியாழன், காலை 6.50)

பிழைதிருத்துபவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. மாற்றிய கோப்பை அப்படியே நம்பாதீர்கள். ‘ஔவை’ என்று தேடிப் பாருங்கள், பிறகு ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், கணினிக்கு அவை வேறு வேறு. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் சில நிரல்களில் தேடல் தவறும்.

ஒரு பக்கத்தையாவது மூலத்தோடு வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கண் விட்டதைக் காது பிடிக்கும்.

நள்ளிரவு நிரலாளன் (வியாழன், பிற்பகல் 1.10)

இன்னொன்று விட்டுப்போயிற்று. கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10இல் நோட்பேடுக்கு அதுதான் இயல்பு. பழைய கணினியில் ஆன்சி என்ற பழைய குறியாக்கம் இருந்தால், சேமித்துத் திறக்கும்போது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக நிற்கும். அதை மீட்க வழியே இல்லை.

ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாக உடைந்து வந்திருந்தால் சொல்லுங்கள், அதற்கும் தேடி மாற்றும் வழி இருக்கிறது.

தோபாயோ தோழி (வெள்ளி, மாலை 5.20)

கொடுத்துவிட்டேன்! அச்சகத்திலிருந்து கோப்பு சரியாகத் திறந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது.

நேற்று முழுவதும் ஐயாவின் வீட்டில்தான். பதினொரு கப்பல் பெயர்கள், பதினொரு எண்கள், அவரே தாளில் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் வாசிப்பு சொன்னபடி நான் திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன், அவர் கண்ணை மூடிக் கேட்டார். நான்கு இடங்களில் நிறுத்தினார். இரண்டு மாற்றியின் பிழை. இரண்டு அவரே தொண்ணூறுகளில் விட்ட பிழை. அதை என்னிடம் ஒப்புக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாலாட்டு வரி வந்ததும் நான் படிக்க வேண்டியிருக்கவில்லை, அவரே முழுவதும் சொன்னார்.

கடைசியாக அச்சுப்படியைக் கையில் கொடுத்தேன். பொருளடக்கத்தில் அவர் பெயர் மட்டும் மற்றவர்களின் பெயரைவிட இரண்டு புள்ளி பெரிதாக நின்றிருந்தது, அந்த ஒரு வரியில் தமிழ் அளவை மாற்ற மறந்திருக்கிறேன். சரிசெய்துவிடுகிறேன் ஐயா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எல்லாவற்றையும் திருத்திவிட்டாய் அம்மா, இது ஒன்று இப்படியே இருக்கட்டும்” என்றார். அப்படியே அனுப்பியிருக்கிறேன்.