புதுப்பிப்பு: பிக்கப் முன்சக்கரச் சத்தம் நின்றது

40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கம் 'ஊ'வென்று முனகுகிறது, டயரா, சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கா என்று கேட்டிருந்தேன். பேரிங்தான், இடதுபக்கம்.

மன்னார்குடி சாலையில் கூட்டமில்லாத நேரம் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் வளைத்தால் சத்தம் கூடியது, இடப்பக்கம் வளைத்தால் அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும், அதனால்தான். அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். நன்றாகவே ஆடியது. தம்பியை பிரேக் மிதிக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றுவிட்டது. சக்கரப் பகுதியை வண்டியோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அப்படி நிற்காது.

சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. வாய்க்கால் கரையிலும் சேற்றிலும் நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு வேறென்ன வரும்! உள், வெளி இரண்டு பேரிங்கும் சீலும் புதிது. ரோலர்கள் உருளும் வெளிவளையமான கப் பழையதே இருக்கட்டும் என்றார் மெக்கானிக் அண்ணன், நான் விடவில்லை. பள்ளம் விழுந்த கப்பில் புது ரோலர் எத்தனை நாள் ஓடும்? சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் புது காட்டர் பின் மாட்டினார்.

வலதுபக்கத்தை இன்னும் திறக்கவில்லை. குறுவை அறுப்புக்கு முன் அதையும் பார்த்துவிட வேண்டும்.