வி ஃபோர்ஸ் ஆவணங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப்போரில் இந்திய-பர்மா எல்லையில் இயங்கிய 'வி ஃபோர்ஸ்' பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் உதவி வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அப்போது இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த வேவல் உத்தரவில் தொடங்கிய படை இது. அசாம் ரைபிள்ஸ் வீரர்களும் மலைக் கிராமத்து ஆட்களும் சேர்ந்து, எதிரி எந்தப் பாதையில் வருகிறான் என்று காட்டுக்குள் உளவு பார்த்துச் சொல்வதுதான் முக்கிய வேலை. மானிடவியல் ஆய்வுக்காக வடக்கு கச்சார் மலையில் தங்கியிருந்த அர்சுலா கிரஹாம் போவர் என்ற ஆங்கிலேயப் பெண் ஜெமி நாகர்களைத் திரட்டிக் காவல் போட்டதும் இதற்காகத்தான். ஆரம்பத்தில் அவர்கள் கையில் இருந்தவை குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள். அதை வைத்துக்கொண்டு ஜப்பான் ராணுவத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதென்றால் என்ன துணிச்சல்!

சிக்கல் என்னவென்றால், எதைப் படித்தாலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்தான் வருகிறது. வேவு பார்த்த நாகர், சின், லுஷாய் மலையின ஆட்களின் பெயர்ப்பட்டியலோ சம்பளக் கணக்கோ எங்காவது இருக்கிறதா? ஷில்லாங்கில் உள்ள அசாம் ரைபிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், அங்கே பழைய கோப்புகளைப் பார்க்க விடுவார்களா, சொல்லுங்கள். அப்புறம், லண்டன் பக்கம் இருப்பவர்கள் க்யூ (Kew) என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் படையின் போர் நாட்குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? இம்பால், கோஹிமா சண்டை நடந்த 1944 மார்ச் முதல் ஜூலை வரை கிடைத்தால்கூடப் போதும். ஆகும் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.