மாடு ஏற்றும்போது வால் முறுக்குவதை எப்படி நிறுத்த வைப்பது?

பிக்கப் வண்டிக்காரன்

பதினொரு வருஷமாகச் சந்தை வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன். பெரும்பாலும் கறவை மாடுதான். போன வாரம் ரெண்டாம் ஈத்து மாடு ஒன்று, கன்று போட்டு ஒரு மாதம், பலகையில் கால் வைக்கவே மாட்டேன் என்று நின்றது. கன்று பின்னால் என் கிளீனர் பையன் கையில். இரண்டு பேர் வாலை முறுக்கியும் அசையவில்லை. மூன்றாவது ஆள் வாலை மடக்கினார், ‘மடக்’கென்று சத்தம் எனக்கே கேட்டது. ஒரே பாய்ச்சலில் ஏறிய மாடு உள்ளே வெறும் தகரத்தில் வழுக்கி முழங்கால் போட்டு விழுந்தது. வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. வீட்டில் அவர் மாட்டுக்கு வாழைப்பழம் ஊட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தையில் கூலி உருப்படிக் கணக்கு, நின்றால் நஷ்டம். சட்டம் பேசினால் சிரிக்கிறார்கள். 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீ, வடைக் காசு. என்ன சொல்லி மாற்றுவது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தம்பி, ஆளை விடுங்க, முதலில் பலகையைப் பாருங்க. மாட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து நின்று பாருங்க. அதற்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய முழுச் சுற்றும் தெரியும், ஆனால் பள்ளம் மேடு கணிப்பது கஷ்டம். பலகை இடுக்கில் விழும் நிழல், தொங்குகிற துண்டு, இருட்டான வண்டிக்குள் எல்லாம் அதற்குக் குழி மாதிரிதான். மண் திட்டில் வண்டியை ஒட்டி நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. நேர் பின்னால் நிற்கிற ஆள் அதன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், அதனால்தான் உதை விழுகிறது. தோளுக்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில் நின்றால் தானாக முன்னே நகரும்.

இன்னொன்று. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1999இல் தனக்குக் கறி தரும் மாடு வெட்டும் கூடங்களைத் தணிக்கை செய்ய, கால்நடைகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மாவைக் கூப்பிட்டது. அவர் உபதேசம் செய்யவில்லை, எண்ணினார். எத்தனை மாடு விழுந்தது, எத்தனை கத்தியது, எத்தனைக்குக் கரண்டு குச்சி வைத்தார்கள். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கத்தினால் தேறாது. வாங்குகிறவன் கேட்டதும் கூடங்கள் வழிக்கு வந்தன.

சந்தை வியாபாரி

எழுத நல்லா இருக்குங்க. ஆனால் நீங்களே எழுதியிருக்கீங்க, கன்று பின்னால் இருந்தது என்று. பின்னே மாடு எப்படி முன்னால் போகும்? கன்றை முதலில் ஏற்றியிருந்தால் தாய் தானாகப் பின்னாலேயே வந்திருக்கும். இது என் அப்பா காலத்துப் பாடம். அப்புறம், வெறும் தகரம் உங்க வண்டியில்தானே? கூலிக்காரனை மட்டும் ஏன் சொல்றீங்க? லாரிக்கு ஆறு மாடு என்று 1978லிருந்தே விதி இருக்கு. பத்து ஏற்றச் சொல்வது நாங்களும் வாங்குகிறவர்களும்தான்.

கறவைக்காரி

வியாபாரி அண்ணா சொன்னதில் கோபம் இருந்தாலும் நியாயம் இருக்கு. ஒன்பது லிட்டர் என்று சொல்லி வாங்கிய மாடு முதல் நாள் எனக்கு இரண்டு லிட்டர்தான் கொடுத்தது. மிரண்ட மாடு பாலை இறக்காது, மடியிலேயே நிறுத்திவிடும். இப்போதெல்லாம் ஏற்றுக்கூலியை நானே கையில் கொடுக்கிறேன். வாலைத் தொடாமல் ஏற்றினால் ஐம்பது ரூபாய் கூட. நான் பக்கத்திலேயே நிற்பேன் என்பதும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை.

பிக்கப் வண்டிக்காரன்

வியாபாரி அண்ணா, கன்று விஷயம் எனக்குத் தெரிந்ததுதான், அன்றைக்கு அவசரத்தில் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது. பழைய ரப்பர் பாய் இரண்டு வாங்கி ஆணி அடித்துவிட்டேன், மேலே வைக்கோல். வாலை மடக்கிய அதே ஆளிடம் தோள் பக்கம் நிற்கச் சொன்னேன். “நீ வாடகைக்காரன், வேலையைப் பாரு” என்றார். அக்கா சொன்ன ஐம்பது ரூபாயைச் சொன்னதும் நின்றார்.

ஆய்வாளர் ஐயா சொன்ன மாதிரி ஒரு சின்ன நோட்டும் போட்டிருக்கிறேன். நேற்று மூன்று நடை, 9 உருப்படி. வழுக்கியது 1. கத்தியது 2. வால் முறுக்கு 3, அதில் ஒன்று எருமை, அதற்கு என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. எருமை ஏற்றியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.