கண்ணை மூடினால் கடைக்கணக்குதான் வருகிறது. நான் தியானத்தைத் தப்பாகச் செய்கிறேனா?

அருமனைக்காரி (கேள்வி)

மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் இரண்டு பிள்ளைகள், முட்டுவலியோடு மாமியார். காலையில் பஸ் பிடித்தால் ராத்திரி 8 மணிக்குத்தான் வீடு.

மூன்று மாதம் முன்பு தோழி ஒருத்தி போனில் தியான ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். தினமும் 10 நிமிடம். "மூச்சைக் கவனியுங்கள்" என்று ஒரு குரல் சொல்லும். மூன்றாவது மூச்சிலேயே எனக்கு ஜிஎஸ்டி கணக்கு வந்துவிடும், அப்புறம் பிள்ளையின் ஃபீஸ், அப்புறம் மாமியாரின் மாத்திரை. மணி அடித்து முடியும்போது என்மேல் எனக்குக் கோபம்தான் மிச்சம்.

இது ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சின்னவன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றை ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் "ம்ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அம்மா, நீ கேக்கவே இல்ல" என்று எழுந்து போய்விட்டான். உண்மைதான். ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். மைண்ட்ஃபுல்னெஸ், தியானம், இரண்டும் ஒன்றா? நாங்கள் கத்தோலிக்கர்கள். "இது நமக்கு ஆகுமா மக்ளே?" என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

சிரட்டை

மக்ளே, நான் குலசேகரம் பக்கம் 31 வருஷமாக ரப்பர் வெட்டுகிறவன், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவன். ஆப் பற்றித் தெரியாது. மனசு ஓடுவதைப் பற்றித் தெரியும்.

விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துபோகும். ஒரு நாளைக்கு 300 மரம். பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, கத்தியை இடப்பக்கம் மேலே வைத்துச் சரிவாகக் கீழே இழுக்க வேண்டும். சீவுகிற பட்டை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். உள்ளே இருக்கும் கட்டைக்கு மேல் ஒரு மெல்லிய தோலை மிச்சம் வைக்க வேண்டும். கத்தி அதையும் தாண்டினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும்.

மகள் கல்யாணக் கடன் தலையில் இருந்த வருஷம், ஒரே வரிசையில் 11 மரத்தைக் காயப்படுத்தினேன். அந்த முடிச்சுகள் இன்றைக்கும் இருக்கின்றன. அதைப் பார்த்தாலே அன்றைக்கு நான் எங்கே போயிருந்தேன் என்று தெரியும்.

நினைப்பு வராமல் இருக்கும் என்று எனக்கு வெட்டுப் பழக்கின அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "மரத்துக்கு மரம் காலை ஊன்றி நில்லு, ஒட்டுப்பாலை உரி, பொறவு கத்தியை வை" என்பார். அவ்வளவுதான். ஒரு மரத்தில் கவனம் போனால் அடுத்த மரம் பத்தடி தள்ளி நிற்கிறது. அங்கே முதலிலிருந்து தொடங்கலாம். உனக்கு 10 நிமிஷத்தில் மனசு 40 தடவை ஓடினால் 40 தடவை திரும்பியும் வந்திருக்கிறாய். 40 மரம் வெட்டினதாக வைத்துக்கொள். அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்று. மூச்சு காயத்தைக் காட்டாது, மரம் காட்டும். மனசு போனதை உடனே காட்டிக்கொடுக்கிற கைவேலை ஒன்றைப் பிடித்துக்கொள். நெத்திலி ஆய்கிறாயா? தலையைக் கிள்ளும்போது நினைப்பு வேறெங்காவது போனால் சதையும் சேர்ந்து பிய்ந்து வரும். அப்போதே தெரிந்துவிடும்.

கொட்டாரம் வாத்தியார்

சிரட்டை அண்ணன் சொன்னதற்குப் பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தங்கச்சியின் மற்ற இரண்டு சந்தேகத்துக்கு மட்டும் வருகிறேன்.

தியானம் என்பது பெரிய குடை. ஒரு மந்திரத்தில் மனத்தை நிறுத்துவதும் தியானம், ஒரு மறைபொருளைச் சிந்திப்பதும் தியானம். மைண்ட்ஃபுல்னெஸ் அதில் ஒரு வகை. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. பௌத்தர்கள் பாலி மொழியில் 'சதி' என்று சொல்வதுதான் இதன் வேர். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர், நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்காக இதை ஒரு பயிற்சியாக அமைத்தார். ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்பது அதில் பேர்பெற்ற பாடம். சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஜெபமாலையின் மறையுண்மைகளை நீங்கள் 'தியானிக்கிறோம்' என்றுதானே சொல்கிறீர்கள்? அந்தச் சொல் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

தியானம் என்றால் மனம் காலியாக வேண்டும் என்ற எண்ணமும் நம் ஊரில் நிறைய. கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்த் தியான மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள், "ஒன்றும் வரவில்லை சார்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே உட்கார்ந்தபோது அவர் மனம் காலியாகவா இருந்தது? நாட்டின் ஏழைகளைப் பற்றிய நினைப்புதான் அவரைப் பிடித்திருந்தது. இந்தியாவின் கடைசிப் பாறையில் உட்கார்ந்து ஒரு திட்டம் தோன்றியதாக 1894-இல் சிகாகோவிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். நினைப்பு வந்ததால் தியானம் கெட்டுப்போனது என்று அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

நைட் டியூட்டி

நான் நர்ஸ். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாலே பயமும் படபடப்பும் கூடும். அப்படி இருந்தால் கண்ணைத் திறந்தே வையுங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தியானத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாமியார், பிள்ளைகள், வேலை என்று எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கிறீர்கள் அக்கா. அதில் கொஞ்சத்தை யாரிடமாவது இறக்கி வைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

அருமனைக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நைட் டியூட்டி, தூக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு, மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதை நாத்தனாரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை அவளே வந்து கூட்டிப்போனாள். இத்தனை நாள் நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

வாத்தியார் சார், நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஜெபமாலையில பத்து முடிஞ்சு பெரிய மணிக்கு விரல் வரும்போதுதான் மனசு எங்கேயோ போனது எனக்கும் தெரியும்" என்றார். சிரட்டை அண்ணே, அம்மாவுக்கு அந்த மணிதான் அடுத்த மரம் போல.

ஆப்பை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நெத்திலி ஆயும்போது சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வகுப்பில் யாரோ ஒருவனின் குடை தொலைந்த கதை. நடுவில் இரண்டு இடத்தில் நான் போய்விட்டேன், கையில் மீன் பிய்ந்தது. இந்தத் தடவை "ம்ம்" கொட்டவில்லை. "அம்மா கேக்கல மக்ளே, குடை எங்க இருந்துச்சு? மறுபடி சொல்லு" என்றேன். முதலிலிருந்தே சொன்னான். குடை பெஞ்சுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது, இவன்தான் கண்டுபிடித்துக் கொடுத்தானாம்.