சிவப்புக் கோட்டு வெளுத்துப்போச்சு

கேள்வி: 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டைக்கான 28 மி.மீ. கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய் பொம்மைகள், பெயிண்ட் அடிச்சு வச்சேன். தென்காசிச் சாரல்ல மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சதும் சிவப்புக் கோட்டு மேல வெள்ளைப் படலம். பெயிண்டை உரிச்சிரணுமா அண்ணாச்சி?

பதில்: உரிக்காதீங்க. காத்துல இருக்க ஈரம் வார்னிஷ்ல மாட்டினா இப்படித்தான் வெளுக்கும். டப்பாவைச் சரியா குலுக்காம கனமா அடிச்சாலும் வரும். கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை பிரஷ்ல மெல்லிசா ஒரு பூச்சு போடுங்க, பெரும்பாலும் நிறம் திரும்பிரும். 24 மணி நேரம் காயவிட்டு, அக்ரிலிக் மேட் வார்னிஷ், அதுவும் பிரஷ்லயே. சாரல் ஓயுற வரைக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

இன்னொருத்தர்: மேட் போடுறதுக்கு முன்னால நெஞ்சுக்குக் குறுக்கால போற வெள்ளைப் பட்டையைத் திருத்திருங்க. சிவப்பு மேல நேரா வெள்ளை வச்சா ரோஸா தெரியும். முதல்ல வெளிர் சாம்பல், அது மேல வெள்ளை, ஓரத்துல மயிரிழை சாம்பல் விடுங்க.

கேட்டவர்: சிவப்பு வந்திருச்சு! கோட்டு மடிப்புல மட்டும் வெளுப்பு நிக்கி.

பதில்: அங்க வார்னிஷ் தேங்கியிருக்கும். கருஞ்சிவப்பைத் தண்ணியா கரைச்சு மடிப்புல மட்டும் இறக்குங்க.